புதுப்பிப்பு: கப்பலூர் மாம்பழக்கூழ் டின் கசிவுக்குக் காரணம் கவர் ஹூக்

முந்தைய பதிவில் கேட்டது இதுதான்: ஏ10 டின் (பெரிய அளவு டின்), மைக்ரோமீட்டரில் சீம் (மூடியும் டின்னும் சேர்ந்து மடங்கிய விளிம்பு) தடிமனும் உயரமும் சரி, ஆனாலும் கூழ் கசிகிறது, ஏன்? சீமைப் பிரித்துப் பார்த்தாச்சு. உள்ளே கவர் ஹூக் (சீமுக்குள் மடங்கும் மூடியின் விளிம்பு) குட்டை.

கணக்கு (மி.மீ.): பாடி ஹூக் (மடங்கிய டின் சுவரின் விளிம்பு) 2.00 + கவர் ஹூக் 1.60 + மூடித் தகடு 0.25 − சீம் உயரம் 3.10 = ஓவர்லாப் (இரு ஹூக்கும் ஒன்றோடொன்று கோத்து நிற்கும் நீளம்) 0.75. குறைந்தது 1 வேண்டும். சீமிங் இயந்திரத்தில் மூடியின் விளிம்பை மடிக்கும் உருளைதான் முதல் ரோல், மடித்ததை இறுக்குவது இரண்டாவது ரோல். முதல் ரோல் தளர்ந்தால் மூடியின் விளிம்பு போதுமான அளவு உள்ளே மடங்காது. இரண்டாவது ரோல் அதை அப்படியே அழுத்திவிடும், அதனால்தான் வெளி அளவை மட்டும் நம்பக் கூடாது. முதல் ரோலை இறுக்கியதும் கவர் ஹூக் 1.90, ஓவர்லாப் 1.05. லிஃப்டர் (டின்னைக் கீழிருந்து மேலே தள்ளும் தட்டு) அழுத்தத்தைத் தொடவில்லை. பாடி ஹூக் குட்டையானால்தான் அந்தப் பக்கம் போகணும்.

கழற்றிய கவர் ஹூக்கை வெளிச்சத்தில் சுற்றிப் பாருங்கள். சுருக்கம் ஹூக் நீளத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால் இரண்டாவது ரோல் தளர்வு.

அளவை 120 டிகிரி இடைவெளியில் மூன்று இடத்தில், பக்கவாட்டு வெல்டைத் தவிர்த்து எடுங்கள். ஒவ்வொரு சீமிங் தலைக்கும் (இயந்திரத்தில் டின்னை மூடும் பகுதி) தனித்தனியாக. குறை அமில உணவுக்கான அமெரிக்க விதி, 4 மணி நேரத்துக்குள் ஒருமுறை பிரித்துப் பார்க்கச் சொல்கிறது, கண்ணால் 30 நிமிடத்துக்குள். மாம்பழக்கூழ் அமிலம் கூடியதுதான். ஆனாலும் அதே இடைவெளியை விடாதீர்கள்.