சோலார் ஹீட்டர்ல காலையில வெதுவெதுப்பாத்தான் வருது: டியூப் மாத்தணுமா?

திருநகர்வாசி:
வணக்கம். மொட்டை மாடியில 200 லிட்டர் சோலார் வாட்டர் ஹீட்டர், கண்ணாடி டியூப் மாடல். போர் தண்ணி. சாயந்தரம் தொட முடியாத சூடு. காலையில ஆறு மணிக்கு வெதுவெதுப்பு. ஏர் வென்ட் பைப்ல அப்பப்ப தண்ணி சொட்டுது. சமீபத்துல பச்சைத் தண்ணி லைனுக்கு மட்டும் பிரஷர் பம்ப் வச்சோம். சர்வீஸ்க்கு வந்தவர் எல்லா டியூபையும் மாத்தணும்கிறார். மாத்தவா?

கூடல்நகர் பிளம்பிங்:
மாத்தாதீங்க சார். சாயந்தரம் அவ்வளவு சூடு இருக்குன்னா டியூப் நல்லாத்தான் இருக்கு. எனக்குச் சந்தேகம் பம்ப் மேலதான். மிக்சர் குழாய்க்குள்ள சூடும் பச்சையும் ஒரே அறையில சேரும். ரெண்டு திருகையும் திறந்து வச்சுட்டு கை ஷவர் பட்டனை மட்டும் விட்டா, வெளியே வழி இல்லாத பச்சைத் தண்ணி சுடுதண்ணி லைனுக்குள்ள ஏறிடும். பம்ப் அழுத்தம் 1.5 பார் இருந்தா, 3 மீட்டர் உயரத்துல இருந்து இறங்குற சுடுதண்ணிக்கு 0.3 பார்தான். அந்தப் பச்சைத் தண்ணி நேரா சோலார் டேங்க்குக்குப் போய் சூட்டைக் கெடுக்கும். வென்ட் சொட்டுறதும் அதனாலதான் இருக்கும்.

சோதனை இதான். சோலார் டேங்க்ல இருந்து இறங்குற சுடுதண்ணி கேட் வால்வை மூடுங்க. மிக்சரெல்லாம் வழக்கமா வச்சிருக்கிற மாதிரியே இருக்கட்டும், பம்ப்பும் ஓடட்டும். கிச்சன்ல தனி சுடுதண்ணி குழாயைத் திறங்க. முக்கால் இஞ்ச் பைப் 15 மீட்டர்னா உள்ள நிக்கிறது 4 லிட்டர் சுமாருக்குத்தான். ஒரு பக்கெட் நிரம்பியும் நிக்கலைன்னா பச்சைத் தண்ணி கலக்குது. அப்புறம் ஒவ்வொரு மிக்சரோட பச்சைத் தண்ணி ஆங்கிள் காக்கையும் (அந்த லைனை மட்டும் அடைக்கிற சின்ன வால்வு) மூடிப் பாருங்க. எதை மூடும்போது நிக்குதோ அதான் ஆள்.

வைகைக்கரை:
டியூப்பையும் ஒரு தடவை பார்த்துடுங்க. அடி நுனியில கண்ணாடி மாதிரி பளபளன்னு இருக்கிற வெள்ளிப் பூச்சு பால் வெள்ளையாயிருந்தா வேக்குவம் (கண்ணாடிச் சுவர் நடுவுல காத்தில்லாத இடம்) போச்சு; அந்த ஒண்ணை மட்டும் மாத்தினா போதும். போர் தண்ணி உப்பு டியூப் அடியில படியும், அதைக் கழுவணும். மத்தியானத்துல தொடாதீங்க: வெயில்ல காய்ஞ்ச காலி டியூப்ல பச்சைத் தண்ணி விட்டா விரிசல் விட்டுடும். விடியற்காலையில செய்ங்க.

திருநகர்வாசி:
சோதனை பண்ணியாச்சு. பக்கெட் நிரம்பியும் நிக்கலை. மேல்மாடி பாத்ரூம் மிக்சரோட ஆங்கிள் காக்கை மூடினதும் நின்னுடுச்சு. கை ஷவர் அங்கதான் இருக்கு. என்ன வைக்கணும்?

கூடல்நகர் பிளம்பிங்:
உடனடியா, குளிச்சதும் ரெண்டு திருகையும் மூடச் சொல்லுங்க. நிரந்தரமா, அந்த மிக்சருக்கு வர்ற சுடுதண்ணி லைன்ல நான்-ரிட்டர்ன் வால்வு (தண்ணியை ஒரு பக்கமா மட்டும் விடுற வால்வு). ஸ்பிரிங் வகை வேண்டாம், 0.3 பார் அழுத்தத்துக்கு ஸ்பிரிங் சரியா திறக்காது. ஃப்ளாப் வகை பித்தளை வாங்குங்க. தண்ணி கீழே இறங்குற செங்குத்துப் பைப்ல அது மூடாது. படுக்கையா ஓடுற இடத்துல, அம்புக்குறி மிக்சரைப் பார்த்து இருக்கணும். சொட்டுதேன்னு வென்ட்டை மட்டும் அடைச்சுடாதீங்க. நீராவியும் காத்தும் வெளியேற வழியில்லாம டேங்க் உப்பும். தண்ணி இறங்கும்போது காத்து உள்ள வராம அதே டேங்க் நசுங்கும்.