நைட்டசீன் மாதிரி மருந்துகளை குடும்பத்தோட தடை பண்ணா பலன் இருக்குமா?

கேள்வி (வெண்கொக்கு):
1950கள்ல வலி மருந்தா கண்டுபிடிச்சு, ரொம்ப ஆபத்துன்னு மருந்துக்கடைக்கே வராம போன நைட்டசீன் இப்ப போலி மாத்திரைல கலந்து வருதாம். ஒண்ணை தடை பண்ணா உடனே இன்னொண்ணு வந்துடுதே, அப்புறம் எதுக்கு சட்டம்? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

கல்தச்சன்:
பேர் பேரா தடை பண்றதுதாங்க ஓட்டையே. எட்டோனிட்டசீன்ங்கற நைட்டசீன் 1961 ஐநா போதைப்பொருள் ஒப்பந்தத்துலயே இருக்கு, ஆனா அதோட மூலக்கூறுல ஒரு ஓரத்துல ஒரே ஒரு கார்பன் கூடுதலா ஒட்டினா ஐசோட்டோனிட்டசீன், அது 2019ல தெருவுக்கு வந்துச்சு, ஐநா பட்டியல்ல ஏற 2021 ஆயிடுச்சு. நடுவுல செத்தவங்களுக்கு யாரு பதில் சொல்றது? அதான் இப்ப வேதி அமைப்பை வச்சு மொத்த குடும்பத்தையும் தடை பண்றாங்க. பிரிட்டன்ல 2025 ஜனவரி, சீனால அதே வருஷம் ஜூலை. என்னை கேட்டா இது எப்பவோ வந்திருக்கணும்.

தாழம்பூ:
சரிதான், ஆனா ஃபென்டானில்ங்கற இன்னொரு கடும் வலி மருந்தோட குடும்பத்தை சீனா 2019 மே மாசம் மொத்தமா தடை பண்ணுச்சு, அதுக்கப்புறம்தான் நைட்டசீன் பெருகுச்சு. விக்கிறவன் அடுத்த குடும்பத்துக்கு தாவிடுவான். ஆராய்ச்சி பண்றவங்களுக்கும் தனி வழி வச்சுதான் சட்டம் எழுதணும், இல்லன்னா முறிவு மருந்து தேடுறதும் நின்னுடும்.

இரவுப்பணி:
நான் ஆம்புலன்ஸ்ல வேலை பாக்குறேன். ஒரு பையன் தூக்க மாத்திரைன்னு நினைச்சு போட்டிருக்கான், நாங்க போறப்ப உதடு நீலமா, தொண்டைல தண்ணி கொதிக்கிற மாதிரி குறட்டை, நிமிஷத்துக்கு நாலு மூச்சுதான். பக்கத்துல இருந்த நண்பன் போலீஸ் வந்துடும்னு பயந்து அரைமணி நேரம் போன் பண்ணாமலே உக்காந்திருந்தான். தடை சட்டம் வேணும், நான் எதிர்க்கல, ஆனா உதவிக்கு கூப்பிட்டவன் மேல கேஸ் கிடையாதுன்னு ஒரு வரி அதே சட்டத்துல இருக்கணும்ங்க. இன்னொண்ணு, மாத்திரைல ஃபென்டானில் கலந்திருக்கான்னு பாக்குற டெஸ்ட் பட்டைல நைட்டசீன் தெரியாது, அதுக்கு தனி பட்டை இருக்கு. ஃபென்டானில் இல்லன்னு பட்டை காட்டுதேன்னு நம்பி போட்டுடாதீங்க.

வெண்கொக்கு:
அந்த பையன் பொழச்சானா? நலோக்சோன்ங்கற முறிவு மருந்து இதுக்கு கேக்குமா?

இரவுப்பணி:
பொழச்சுட்டான். நலோக்சோன் கேக்கும், ஆனா ஒரு டோஸ் பத்தாம போகலாம். அவனுக்கு மூக்குல அடிச்சதும் கண்ணு முழிச்சான், வண்டில ஏத்தி கொஞ்ச நேரத்துல மறுபடி மூச்சு இறங்கிடுச்சு, ரெண்டாவது அடிச்சோம். முழிச்சுட்டானேன்னு தனியா விட்டுட்டு போகவே கூடாது.