சிரியஸ் ரெட் சாயம் அலசும்போதே வெளுத்துப்போகிறது, ஏன்?

கேள்வி:
ஃபார்மலினில் பதப்படுத்திய கல்லீரல் திசு, பாரஃபினில் 5 மைக்ரான் வெட்டு. பிக்ரோசிரியஸ் ரெட்டில் (பிக்ரிக் அமிலக் கரைசலில் கலந்த சிரியஸ் ரெட்) ஒரு மணி நேரம் வைத்து எடுக்கும்போது அடர்சிவப்பாகத்தான் இருக்கிறது, ஆனால் குழாய்த் தண்ணீரில் அலசியதும் கொலாஜன் (திசுவைத் தாங்கும் புரதம்) நார்கள் வெளிறி, பின்னணி மஞ்சளும் போய்விடுகிறது. எங்கே தவறுகிறேன்?

பதில் 1:
தண்ணீர்தான் காரணம். அந்தச் சாயம் கொலாஜனை இறுகப் பிடிப்பதே அமிலச் சூழலில்தான். 0.5 சதவீத அசிட்டிக் அமிலம் கலந்த நீரில் இரண்டு முறை அலசி, ஸ்லைடை நன்றாக உதறிவிட்டு நேராக 100 சதவீத எத்தனாலுக்குப் போங்கள், இடையில் வெறும் தண்ணீர் படவே கூடாது. அப்புறம் ஒன்று, பிக்ரிக் அமிலப் பொடியை உலரவே விடாதீர்கள், காய்ந்தால் வெடிக்கும்.

பதில் 2:
நுண்ணோக்கியில் முனைவாக்க ஒளியிலும் (ஒரே தளத்தில் அதிரும் ஒளி) பாருங்கள். இருண்ட புலத்தில் தடித்த நார்கள் செம்மஞ்சளாக ஒளிரும், மெல்லியவை பச்சையாகத் தெரியும். ஆனால் பச்சை என்றாலே மூன்றாம் வகைக் கொலாஜன் என்று தயவுசெய்து எழுதிவிடாதீர்கள், நிறம் நாரின் தடிமனையும் அடுக்கையும் பொறுத்தது, ஸ்லைடைத் திருப்பினாலே மாறும். வகை தெரிய ஆன்டிபாடி சோதனைதான் வேண்டும்.

கேட்டவர்:
அமில நீரில் அலசிப் பார்த்தேன். ரத்தக்குழாயைச் சுற்றிய மெல்லிய நார்கள்கூட இப்போது தெளிவாகத் தெரிகின்றன. மிக்க நன்றி!