மக்கும் டம்ளரைத் தண்ணீர் பாட்டிலோடு போடலாமா?

மாடித்தோட்டம்:
வணக்கம். எங்களுடையது கோவையில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பு. பொங்கல் விழாவுக்குச் சங்கத்தில் “சோளத்தில் செய்தது, மக்கிவிடும்” என்று சொல்லிக் கண்ணாடி மாதிரி தெளிவான ஜூஸ் டம்ளர்களை வாங்கினார்கள். அடியில் பிஎல்ஏ என்றும் முக்கோணத்துக்குள் 7 என்றும் போட்டிருந்தது. விழா முடிந்ததும் தண்ணீர் பாட்டில்களோடு சேர்த்து மூட்டை கட்டிப் பழைய பொருள் எடுப்பவரிடம் கொடுத்தோம். அடுத்த வாரம் மூட்டையைத் திருப்பிக் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டார். “கலப்பு இருக்கும்மா, மேல எடுக்க மாட்டேங்கறாங்க” என்கிறார். சங்கச் செயலாளரோ, “பெட்ரோலியப் பிளாஸ்டிக்கை எடுக்கிறவர், சுற்றுச்சூழலுக்கு நல்லதை ஏன் எடுக்கக் கூடாது? விவரம் தெரியாமல் பேசுகிறார்” என்கிறார். யார் பக்கம் நியாயம்? குடியரசு தினத்துக்கு மறுபடி ஆர்டர் போடப் போகிறார்கள், அதற்குள் சொல்லுங்கள்.

காயலான்கடை:
மூட்டையைத் திருப்பிக் கொடுத்த ஆள் பக்கம்தான் அக்கா. நானும் அதே தொழில்தான். பாட்டிலை நாங்கள் நசுக்கி பேல் போட்டு அனுப்புவோம். வாங்குகிறவர் அதை அரைத்து ஃப்ளேக்ஸ், அதாவது சின்னச் சில்லு, ஆக்குவார். அங்கே கலப்பு தெரிந்தால் மொத்த லோடுக்கும் விலை இறங்கும், இல்லையென்றால் வண்டி அப்படியே திரும்பும். வண்டி வாடகை எங்கள் தலையில். அந்த டம்ளரைக் கையில் எடுத்துப் பார்த்தாலும் பாட்டில் செய்கிற பெட் பிளாஸ்டிக்கில் வந்த டம்ளர் மாதிரியேதான் இருக்கும். எடுப்பவர் ஒவ்வொன்றாகத் திருப்பி எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தால் அன்றைக்குச் சோறு இல்லை. பாலில் ஒரு சொட்டு மோர் விழுந்த கதைதான் இது.

பச்சைக்கிளி:
மதுரையில் மக்கும் பை, தட்டு விற்கிறேன். அதனால் என்னை ஒருதலைப்பட்சம் என்று சொல்வீர்கள், சொல்லிக்கொள்ளுங்கள். ஆனால் ஒன்று கேட்கிறேன். உலகத்தில் 2015 வரை தயாரான பிளாஸ்டிக் சுமார் 830 கோடி டன். அதில் குப்பையானதில் மறுசுழற்சிக்குப் போனது வெறும் 9 சதவீதம், எரித்தது 12, மீதி 79 சதவீதம் குப்பைமேட்டிலும் வெளியிலும். 2017-இல் வந்த அமெரிக்க ஆய்வின் கணக்கு இது. இந்த லட்சணத்தில் ஓடும் மறுசுழற்சியைக் காப்பாற்ற, செடியிலிருந்து வரும் பொருளைக் குற்றவாளி ஆக்குகிறீர்கள்.

பாலிமர்பித்தன்:
பச்சைக்கிளி அண்ணா, 9 சதவீதம் என்பது எல்லாப் பிளாஸ்டிக்குக்கும் சேர்த்துச் சராசரி. ஷாம்பு சாஷேயையும் தண்ணீர் பாட்டிலையும் ஒரே தராசில் வைத்த எண். நம் ஊரில் பெட் பாட்டில் தெருவில் கிடந்தால் யாராவது பொறுக்கிவிடுவார்கள், ஏனென்றால் அதற்குக் காசு இருக்கிறது. கரூரில் பாட்டிலிலிருந்து பாலியெஸ்டர் இழை எடுத்துத் துணி நெய்கிறார்கள். 2023 பிப்ரவரியில் பிரதமர் நாடாளுமன்றத்துக்கு அணிந்துவந்த நீல மேலாடை அப்படிப்பட்ட துணிதான். ஒழுங்காக ஓடுகிற அந்த ஒரே வரிசைக்குள்தான் இந்த டம்ளர் நுழைகிறது, அதுதான் தொல்லை.

ஆலைக்குள் நடப்பதைச் சொல்கிறேன். அரைத்த சில்லுகளைத் தண்ணீரில் போடுவார்கள். மூடிகள் பாலிஎத்திலின் அல்லது பாலிப்ரொப்பிலீன், மிதந்துவிடும். தண்ணீரின் அடர்த்தி 1, பெட் அடர்த்தி 1.38, மூழ்கும். பிஎல்ஏ, அதாவது அந்தச் சோள டம்ளரின் பிளாஸ்டிக், 1.24, அதுவும் மூழ்கும். தொட்டியில் பிரிக்க வழியே இல்லை. அடுத்து காஸ்டிக் சோடா கலந்த சூடான நீரில் கழுவல். பிஎல்ஏ 60 டிகிரியிலேயே இளக ஆரம்பிக்கும். தப்பித்துப் போனால் டிரையர், அங்கே 160 டிகிரி வாக்கில் உருகிப் பெட் சில்லுகளோடு கட்டிகட்டியாக ஒட்டிக்கொள்ளும். அதையும் தாண்டினால் எக்ஸ்ட்ரூடர், அதாவது உருக்கிப் பிழியும் மெஷின். பெட் உருக 250 டிகிரிக்கு மேல் வேண்டும், 270, 280 வரை ஏற்றுவார்கள். அந்தச் சூட்டில் பிஎல்ஏ சிதைந்து, வெளியே வருவது மஞ்சளடித்து மங்கிப்போன சரக்கு. மிகச் சிறிய அளவு போதும் இதற்கு.

பச்சைக்கிளி:
இதே பல்லவியைக் குழாய் செய்கிற பிவிசி பிளாஸ்டிக்குக்கும் பாடலாமே தம்பி? பாட்டிலில் சுற்றி வரும் பிவிசி லேபிளும் மூழ்கும், அதுவும் பெட்டைக் கெடுக்கும். இத்தனை வருஷமாக அதோடு மல்லுக்கட்டி ஆலைகள் ஓடவில்லையா? அகச்சிவப்புக் கதிர் வைத்துப் பிரிக்கிற மெஷின் பிஎல்ஏவைத் தெளிவாகக் கண்டுபிடிக்கும். மெஷின் வாங்க மனசில்லை, பழி மட்டும் புதுசாக வந்தவன் மேல்.

பாலிமர்பித்தன்:
பிவிசி ஒப்பீடு நியாயம்தான், மறுக்கவில்லை. அகச்சிவப்பு மெஷினும் பிரித்துவிடும். ஆனால் அதன் விலையைச் சின்ன ஃப்ளேக்ஸ் யூனிட் தாங்காது. இன்னொன்று, பிவிசியை யாரும் “பசுமை” என்று முத்திரை குத்தி, இதை நம்பி வாங்குங்கள் என்று விற்கவில்லை.

வம்புவாத்தியார்:
முப்பது வருஷம் வேதியியல் பாடம் எடுத்தவன் என்ற உரிமையில் நுழைகிறேன். பச்சைக்கிளி, உங்கள் கடையில் “மக்காச்சோளப் பை” என்று விற்கிறீர்களே, அதில் சோளம் எவ்வளவு? கேரி பேக் மாதிரி வளைந்து கொடுக்க வேண்டுமென்றால் வெறும் மாவுச்சத்து உதவாது, வெறும் பிஎல்ஏவும் மொறுமொறு என்று உடையும். அதனால் பிபிஏடி என்ற பாலியெஸ்டரைச் சேர்க்கிறார்கள். பல பைகளில் பெரும் பங்கே அதுதான். அது எதிலிருந்து வருகிறது? பெட்ரோலியத்திலிருந்து! மக்கும், ஆனால் எண்ணெய்க் கிணற்றுச் சரக்கு.

எதிர்ப்பக்க வேடிக்கையும் உண்டு. பிரேசிலில் 2010 முதல் கரும்பு எத்தனாலிலிருந்து பாலிஎத்திலின் செய்கிறார்கள். முழுக்கச் செடியிலிருந்து வந்தது, ஆனால் எந்தக் காலத்திலும் மக்காது. சாதாரண பாலிஎத்திலினோடு கலந்து தாராளமாக மறுசுழற்சி செய்யலாம், ஏனென்றால் மூலக்கூறு ஒன்றேதான். ஆக “செடியா, பெட்ரோலா” என்று செயலாளர் போடுகிற கோடு மறுசுழற்சி ஆலையில் செல்லாது. அங்கே மூலக்கூறு என்ன என்று மட்டும்தான் பார்ப்பார்கள்.

பச்சைக்கிளி:
வாத்தியார் சொல்வது சரி, பிபிஏடி இருக்கிறது. நான் மறைத்து விற்கவில்லை. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியச் சான்று இருக்கிற சரக்குதான் வாங்குகிறேன், பையில் உற்பத்தியாளர் பெயர், சான்று எண் எல்லாம் இருக்கும். எங்கள் தொழிலின் பேரைக் கெடுப்பது வேறு கூட்டம். சாதாரண பாலிஎத்திலினில் ஏதோ உப்பைச் சேர்த்து, வெயிலில் பொடிப்பொடியாக உதிர வைத்து, “மக்கும்” என்று பச்சை இலை படம் போட்டு விற்கிறார்கள். ஐரோப்பாவில் அந்த ஆக்ஸோ வகையை 2021-லேயே தடை செய்துவிட்டார்கள்.

மாடித்தோட்டம்:
ஆலை விஷயம் புரிந்தது. அப்படியென்றால் அந்த டம்ளர்களை என் மாடி உரத்தொட்டியில் போட்டால் மக்கிவிடும் அல்லவா? பாட்டில் பக்கம் போகவே வேண்டாமே?

வம்புவாத்தியார்:
மக்காது அம்மா. மக்கும் என்று சான்று கொடுக்கிற சோதனை 58 டிகிரி வாக்கில் நடக்கிறது. ஐரோப்பியத் தரப்படி ஆறு மாதத்துக்குள் 90 சதவீதம் கரியமில வாயுவாக மாற வேண்டும். அந்தச் சூடு பெரிய தொழில்முறை உரக்கிடங்கில் வாரக்கணக்கில் நிற்கும். உங்கள் தொட்டி சில நாள் வெதுவெதுப்பாக இருந்து அடங்கிவிடும். வாழைப்பழத்தோல் காணாமல் போயிருக்கும், டம்ளர் அப்படியே இருக்கும். கடலில் போட்டாலும் இதே கதிதான்.

இங்கிலாந்தில் பிளைமவுத் பல்கலைக்கழகத்தில் பல வகைப் பைகளை மண்ணிலும் கடலிலும் மூன்று வருஷம் வைத்துப் பார்த்து 2019-இல் வெளியிட்டார்கள். “பயோடீகிரேடபிள்” என்று விற்ற பை மூன்று வருஷம் கழித்தும் கடைச் சாமானைத் தாங்கியது. கம்போஸ்டபிள், அதாவது உரக்கிடங்கில் மக்கும் என்று விற்ற பை கடலில் மூன்று மாதத்தில் காணாமல் போனது, ஆனால் மண்ணில் 27 மாதம் கழித்தும் இருந்தது, சாமான் போட்டால் கிழிந்தது.

பச்சைக்கிளி:
கடலில் மூன்று மாதத்தில் போனதைப் போகிற போக்கில் சொல்லிவிட்டு ஓடுகிறீர்களே வாத்தியார்! சாதாரண பாலிஎத்திலின் பை அப்படிப் போகுமா?

சரி, இத்தாலிக்கு வாருங்கள். மிலான் நகரத்தில் வீட்டுச் சமையலறைக் கழிவை மக்கும் பையில் கட்டித்தான் கொடுக்கிறார்கள். பையோடு சேர்த்து எரிவாயுவாகவும் உரமாகவும் மாற்றுகிறார்கள். மக்கும் பிளாஸ்டிக்கின் வேலையே அதுதான். சாம்பார் ஒட்டிய பையை எந்த மறுசுழற்சி ஆலையும் வாங்காது. அதை ஈரக்குப்பையோடு உரத்துக்கு அனுப்பலாம். திருப்பதி லட்டுக்கு 2021-இல் ராணுவ ஆராய்ச்சி அமைப்பான டிஆர்டிஓ உதவியோடு மக்கும் பை கொண்டுவந்தார்களே, நெய் ஒட்டிய பையைக் கழுவி மறுசுழற்சிக்குக் கொடுப்பவர் யார்?

காயலான்கடை:
மிலானில் நடக்கும் அண்ணே. நம் ஊர் உரக் கொட்டகையில் தூய்மைப் பணியாளர் அக்காக்கள் ஈரக்குப்பையைக் கொட்டியதும் முதல் வேலையாக எல்லாக் கவரையும் பொறுக்கி வெளியே வீசுவார்கள். மக்கும் கவர், மக்காத கவர் என்று பார்க்க நேரம் ஏது? நீங்கள் அதிக விலை கொடுத்து வாங்கின பையும் சாதா கவரும் ஒரே குவியலில் கிடக்கும். நான் பார்த்ததைச் சொல்கிறேன்.

பச்சைக்கிளி:
அது அமைப்பின் கோளாறு, பொருளின் கோளாறு இல்லை.

பாலிமர்பித்தன்:
அமைப்பு இல்லாத ஊரில் பொருளை விற்பது யார் கோளாறு? இதைக் கிண்டலாகக் கேட்கவில்லை. பிஎல்ஏவையே தனியாகச் சேகரித்தால் மறுசுழற்சி செய்யலாம். சூடான நீரும் அழுத்தமும் கொடுத்தால் லாக்டிக் அமிலமாக உடைந்துவிடும், அதிலிருந்து புதிது போலவே மறுபடி பிஎல்ஏ செய்யலாம். பாலிஎத்திலினை இப்படிச் சுத்தமாக உடைக்க முடியாது. பெட் பாட்டில் சட்டையாகிவிட்டால் பெரும்பாலும் கதை முடிந்தது, மறுபடி பாட்டில் ஆவதில்லை. ஆகவே வேதியியல்படி பிஎல்ஏ பல படி மேல். ஆனால் ஒரு லோடு சேர வேண்டுமே? தாய்லாந்து ரயோங்கில் இருக்கிற ஆலையின் திறனே வருஷத்துக்கு 75,000 டன், அது உலகத்துப் பெரிய பிஎல்ஏ ஆலைகளில் ஒன்று. நம் ஊர்க் குப்பையில் அங்கொன்றும் இங்கொன்றுமாக வருவதை யார் பிரித்து, எங்கே அனுப்புவது? உத்தரப்பிரதேசத்தில் ஒரு சர்க்கரை ஆலை நிறுவனம் பிஎல்ஏ ஆலை அறிவித்திருக்கிறது. அப்படி உள்நாட்டில் அளவு பெருகினால் இந்தப் பேச்சு மாறலாம்.

வம்புவாத்தியார்:
அதுவரை எவர்சில்வர் டம்ளர் வாடகைக்கு எடுங்கள் என்று சொன்னால் என்னைக் கிழவன் என்பீர்கள்.

மாடித்தோட்டம்:
ஐயா, அதையும் பேசினோம். “யார் கழுவுவது” என்ற கேள்வியில் கூட்டம் கலைந்துவிட்டது. கேட்டவர்கள் எல்லாரும் ஆண்கள்.

ஏழாம்மாடி:
வணக்கம். நான்தான் அந்தச் செயலாளர். மேடம் அனுப்பிய இணைப்பைப் பார்த்து வந்தேன். ஆர்டர் ஏற்கெனவே போட்டாகிவிட்டது, 500 டம்ளர், திருப்பி எடுக்க மாட்டேன் என்கிறார் விற்றவர். எல்லாரும் எனக்குப் பாடம் எடுத்துவிட்டீர்கள், நல்லது. ஆனால் பெட் டம்ளர் வாங்கினால் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை, எனக்கு அபராதம். இதை வாங்கினால் காயலான் கடைக்காரர் எடுக்க மாட்டார். மாடித் தொட்டியில் மக்காது. இந்த 500-ஐ என்ன செய்ய?

காயலான்கடை:
சார், முதலில் இரண்டு தொட்டி வையுங்கள். பாட்டில் ஒன்றில், டம்ளர் ஒன்றில். டம்ளர் பாட்டிலோடு சேராமல் இருந்தாலே எங்களுக்குப் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. டம்ளர் மூட்டைக்கு நான் காசு தர மாட்டேன். மாநகராட்சியில் விலைபோகாத பிளாஸ்டிக் என்று தனியாக எடுத்து அரியலூர்ப் பக்கம் சிமென்ட் ஆலைக்கு எரிக்க அனுப்புகிறார்கள், அதில் சேர்த்துவிடுங்கள்.

பச்சைக்கிளி:
சோளத்தை விளைவித்து, பிளாஸ்டிக் ஆக்கி, கடைசியில் சிமென்ட் சூளையில் எரிக்கவா?

பாலிமர்பித்தன்:
எரிந்தாலும் வெளியே வருவது செடி காற்றிலிருந்து எடுத்த கார்பன்தான் அண்ணா. நிலக்கரி அந்த அளவு மிச்சம். குப்பைமேட்டில் அசையாமல் கிடப்பதை விட, பாட்டில் லோடைக் கெடுப்பதை விட, இது தேவலை.

பச்சைக்கிளி:
எனக்கு மனசு ஒப்பவில்லை. ஏழாம்மாடி சார், விழா முடிந்ததும் கழுவிக் காயவைத்து அடுக்கி வையுங்கள். கோவைக்குச் சரக்கு கொண்டுவரும் வண்டி காலியாகத்தான் திரும்புகிறது, நான் எடுத்துக்கொள்கிறேன். மற்ற வாடிக்கையாளர்களிடமும் கேட்டுப் பார்க்கிறேன்.

காயலான்கடை:
எடுத்து எங்கே அனுப்புவீங்க அண்ணே?

பச்சைக்கிளி:
எனக்குப் பொருள் தருகிற கம்பெனியிடம் கேட்கிறேன். அவர்கள் எடுக்காவிட்டால் என் குடோனில் கிடக்கட்டும்.

ஏழாம்மாடி:
அப்போ கழுவத்தானே வேண்டும்?