அக்காவின் மறதிக்கு வழி கேட்கிறேன்

வணக்கம். என் அக்காவுக்கு மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் (மூளை, தண்டுவட நரம்புகளைப் பாதிக்கும் நோய்) வந்து ஆறு வருடம் ஆகிறது. நடையில் குறையில்லை. ஆனால் குழம்புக்கு உப்புப் போட்டோமா என்று யோசித்தபடி நிற்கிறாள், கடைக் கணக்கு பார்க்க முன்பைவிட இரண்டு மடங்கு நேரமாகிறது. ஸ்கேனில் புதிய தழும்பு இல்லை என்றதும் வீட்டில் சோம்பல் என்கிறார்கள். எனக்குத் தாங்கவில்லை. இந்த நோயில், நரம்பின் மையலின் உறையைத் தாக்கும் நோய் எதிர்ப்புச் செல்கள் மூளையின் சாம்பல் நிறப் பகுதியையும் விடுவதில்லை. மூளையின் சொந்தப் பாதுகாப்புச் செல்களான மைக்ரோக்ளியா உள்ளேயே அழற்சியால் கனன்றுகொண்டிருந்தாலும் வழக்கமான எம்.ஆர்.ஐ.யில் அது சரியாகத் தெரியாது.

மூளை எவ்வளவு வேகமாக வேலை செய்கிறது என்று பார்க்க, குறிகளுக்கு உரிய எண்ணை 90 விநாடிகள் சொல்ல வைக்கும் எஸ்.டி.எம்.டி. சோதனையைத் தமிழில் எங்கே செய்கிறார்கள்? சென்னை, மதுரை எங்கே என்றாலும் வருவோம். அப்புறம், நினைவாற்றல் பயிற்சியில் பலன் கண்டவர்கள் என்ன செய்தீர்கள், எத்தனை மாதம் ஆனது என்று எழுதுங்கள்.