ஒட்டிய உரையில் மட்டும் 'கொடி' தேமா ஆகிறது: வெண்பா நிரலில் உதவி தேவை

கேள்வி

வணக்கம். ஓய்வு நேரத்தில் ஏஐ துணையோடு ஒரு வெண்பா விளையாட்டை உருவாக்கி வருகிறேன். ஏஐ வெண்பா எழுத வேண்டும். பைத்தான் நிரல் அதை அலகிட்டு (சீர்களை அசைகளாகப் பிரித்து), தளை (சீரோடு சீர் இணையும் விதி) தட்டும் இடங்களைச் சுட்டித் திருத்தச் சொல்ல வேண்டும். சரிபார்ப்பில்லாமல் எழுதவிட்டபோது காய்ச்சீருக்குப் (நேரசையில் முடியும் மூவசைச் சீர்) பின், நேரசை வரவேண்டிய இடத்தில், நிரையசை கூச்சமின்றி வந்து அமர்ந்ததால்தான் இந்த ஏற்பாடு. அலகிடும் நிரலையும் ஏஐதான் எழுதித் தந்தது.

நான் தட்டச்சு செய்யும் 'கொடி' முறையாக நிரையசை (இரு குறில் இணைந்த ஓரசை) ஆகிறது; பழைய கோப்பிலிருந்து எடுத்து ஒட்டும் 'கொடி' தேமா (நேர், நேர் என்னும் ஈரசைச் சீர்) ஆகிறது. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. மூன்று முறை முறையிட்டேன். மூன்று முறையும் ஏஐ மன்னிப்புக் கேட்டுவிட்டு, அந்தந்தச் சொல்லுக்கு மட்டும் ஒரு விதிவிலக்கைச் சேர்த்தது. அதுவே எழுதிய சோதனைகள் அனைத்தும் தேறுகின்றன.

மறுமொழி 1

இரண்டு சொற்களின் நீளத்தையும் அச்சிட்டுப் பாருங்கள். ஒன்று 4 என்றும் மற்றொன்று 5 என்றும் வரக்கூடும்.

கேட்டவர்

ஆம், ஒட்டியது 5. எழுத்து இரண்டுதானே?

மறுமொழி 1

பைத்தான் எண்ணுவது எழுத்தை அன்று, யூனிகோடு குறியீட்டுப் புள்ளிகளை. ஒகரக் குறி ஒரே புள்ளியாகவும் (குறியெண் 0பிசிஏ) இருக்கலாம். ஒற்றைக்கொம்பும் காலுமாக (0பிசி6, 0பிபிஇ) இரண்டாகவும் இருக்கலாம். உங்கள் நிரல் கடைசியில் நிற்கும் காலைக் கண்டு 'கொ'வை நெடிலாகக் கொள்கிறது. நேரும் நேரும் சேர்ந்து தேமா ஆகிவிடுகிறது. 'கோ' எப்படியும் நெடில் என்பதால் அங்கே பிழை வெளியே தெரியாது. உரையை உள்வாங்கியவுடன் என்எஃப்சி வடிவத்துக்கு (பிரிந்த குறிகளை ஒன்றாக்கும் யூனிகோடு வடிவம்) மாற்றிவிட்டு, சேர்த்த விதிவிலக்குகளை எல்லாம் நீக்குங்கள். சோதனைக்கு ஏஐ புனைந்த சொற்களை விடுத்து, அந்தப் பழைய கோப்பின் வரிகளையே கொடுங்கள்; தான் எழுதிய சொற்களில் அது ஒருபோதும் இந்தக் காலில் தடுக்கி விழாது.

மறுமொழி 2

என்எஃப்சியால் தீராத ஒன்றும் உண்டு. 'கௌரி' என்பதைப் பலர் ளகரத்தைத் தட்டி 'கெளரி' என்று உள்ளிட்டிருப்பார்கள். நிரலுக்கு அது மூன்று குறில். கண்மூடித்தனமாக மாற்றினால் 'வெள்ளமும்' 'கெளுத்தியும்' பாழாகும். ளகரத்தை அடுத்து உயிர்க்குறியோ புள்ளியோ வந்தால் தொடாதீர்கள். எஞ்சியவற்றைப் பட்டியலிட்டு நீங்களே பார்த்து முடிவு செய்யுங்கள்.

ஐகாரக் குறுக்கத்தையும் (ஐகாரம் குறுகி ஒலிப்பது) கவனித்தீர்களா? 'ஆசையுடன்' என்பதில் 'சை' நெடிலானால் ஆ/சை/யுடன் என்று தேமாங்கனி வரும். வெண்பாவில் கனிச்சீருக்கு (நிரையசையில் முடியும் மூவசைச் சீர்) இடமில்லை. குறிலாகக் கொண்டால் ஆ/சையு/டன், கூவிளங்காய். சொல்லின் முதலில் வராத ஐகாரத்தைக் குறிலாகக் கொள்ளும்படி விதியையே எழுதிக் கொடுங்கள். 'யாப்பிலக்கணப்படி' என்று பொதுவாகக் கேட்டால், ஏஐ தனக்குத் தோன்றிய இலக்கணத்தைக் கையாளும்.

கேட்டவர்

என்எஃப்சிக்கு மாற்றியதும் 'கொடி' நிரையசை ஆகிவிட்டது. விதிவிலக்குகளை நீக்கியதில் நிரலும் பாதியாகச் சுருங்கியது. 'ஆசையுடன்' கூவிளங்காய் ஆகிவிட்டது. ஆனால், ஈற்றுச் சீரான 'உலகு' இன்னும் புளிமா என்றே வருகிறது.

மறுமொழி 2

ஈற்றுச் சீரில் மட்டும் குற்றியலுகரத்தை (சொல்லின் கடைசியில் குறுகி ஒலிக்கும் உகரம்) தனி அசையாக்காமல் முன்னசையோடு சேருங்கள். நிரைபு, அதாவது 'பிறப்பு' என்னும் வாய்பாடு வரும்.

கேட்டவர்

வந்துவிட்டது. நன்றி. 'ளகர'ப் பட்டியல் மட்டும் பாக்கி. அதை இன்றிரவு கையால் பார்க்கிறேன்.