‘தி டெவில் வேர்ஸ் பிராடா’: நாவலின் கோபத்தைப் படம் தணித்துவிட்டதா?

வாசகி:
லாரன் வைஸ்பெர்கரின் நாவல் 2003-இல் வந்தது. வோக் என்ற ஃபேஷன் பத்திரிகையில் அதன் அப்போதைய ஆசிரியர் அன்னா வின்டூருக்கு உதவியாளராக இருந்தவர் எழுதியது என்பதால் அதில் அசல் கோபம் இருந்தது. டேவிட் ஃபிராங்கல் 2006-இல் எடுத்த படம் அந்தக் கோபத்தை உருவி எடுத்துவிட்டது என்பது என் கட்சி. நாவலின் நாயகி ஆண்ட்ரியா, மிராண்டா என்ற ஃபேஷன் பத்திரிகை ஆசிரியருக்கு உதவியாளர். அவளுடைய தோழி லில்லி விபத்தில் சிக்கி நினைவில்லாமல் கிடக்கிறாள். ஆண்ட்ரியா பாரிஸில் எல்லார் முன்னாலும் மிராண்டாவைக் கெட்ட வார்த்தையில் திட்டி வேலையை இழக்கிறாள். படத்தில் லில்லிக்கு ஒன்றும் ஆவதில்லை. ஆண்டி (படத்தில் ஆண்ட்ரியாவை இப்படித்தான் கூப்பிடுகிறார்கள்) பேசாமல் நடந்துபோய் போனை நீரூற்றில் எறிகிறாள். அப்புறம் அதே மிராண்டா அவளுக்காகச் சிபாரிசு செய்கிறார், காருக்குள் உட்கார்ந்து புன்னகைக்கிறார். ஊழியரை வதைத்த ஒருவரை நாம் ரசித்து வழியனுப்புகிறோம்.

கடைசிவரிசை:
கோபம் மட்டும் இருந்தால் கதை ஆகிவிடாது, வாசகி. நாவலின் மிராண்டா முதல் பக்கத்தில் எப்படியோ கடைசிப் பக்கத்திலும் அப்படியே. ஆண்ட்ரியாவுக்கோ அந்த வேலையின் மீது துளி மரியாதை இல்லை. ஒரு வருஷம் தாக்குப்பிடித்தால் நல்ல பத்திரிகைக்குப் போய்விடலாம் என்ற கணக்கு மட்டும்தான். அந்த நீல ஸ்வெட்டர் வசனம் நாவலில் கிடையாது. திரைக்கதை எழுதிய அலைன் பிராஷ் மெக்கென்னா கொண்டுவந்தது. ஃபேஷனை அற்பம் என்று நினைக்கும் ஒரு பெண்ணிடம், ‘நீ போட்டிருக்கும் இந்த செருலியன் நிறமே எங்களைப் போன்றவர்கள் உனக்காகத் தேர்ந்தெடுத்தது’ என்று குரலை உயர்த்தாமல் சொல்லும் இடம். மிராண்டாவாக நடித்த மெரில் ஸ்ட்ரீப் படம் முழுக்கக் கத்துவதே இல்லை. அந்தத் தாழ்ந்த குரல்தான் நடுங்க வைக்கிறது.

திருப்பூர்க்காரன்:
அந்த வசனத்தைப் பற்றி நான் பேசியாக வேண்டும். பின்னலாடை ஏற்றுமதியில் மெர்ச்சண்டைசராக, அதாவது ஆர்டர்களைக் கவனித்து முடித்துக் கொடுப்பவனாக, இருக்கிறேன். மிராண்டா சொல்லும் வழி சரிதான்: பெரிய டிசைனர், அப்புறம் மற்ற டிசைனர்கள், டிபார்ட்மென்ட் ஸ்டோர், கடைசியில் தள்ளுபடிக் கூடை. ஆனால் அந்த நிறம் எப்படி ஸ்வெட்டரில் ஏறியது? பையர், அதாவது துணி வாங்கும் கம்பெனிக்காரர், ஒரு பான்டோன் எண் (நிறங்களுக்கான பொதுக் குறியீடு) அனுப்புவார். டையிங்கில் லேப் டிப் (சாயம் ஏற்றிய சின்னத் துணி மாதிரி) போட்டு அனுப்புவோம். ஷேடு சற்று பச்சைப் பக்கம் சாய்ந்தால் ரிஜெக்ட், மறுபடி போட வேண்டும். நொய்யலில் சாயக்கழிவு கலந்ததால் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் எங்கள் ஊர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. இந்த நீலத்துக்குப் பின்னால் எத்தனையோ வேலைகள் இருக்கின்றன என்கிறார் மிராண்டா. அந்த வேலைகளைச் செய்பவர்களுக்கு வசனத்தில் ஒரு வார்த்தை இல்லை.

கடைசிவரிசை:
ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நாவலில் இதைப் பற்றி ஒரு வரியாவது உண்டா? படம் அந்தப் பேச்சைத் தொடங்கியதால்தானே நீங்கள் இவ்வளவும் சொல்ல முடிகிறது.

வாசகி, நீங்கள் தொடாத ஒன்று: மிராண்டாவின் இன்னொரு உதவியாளரான எமிலி. நாவலில் எமிலிக்கு உடம்பு சரியில்லாமல் போகிறது, அதனால் ஆண்ட்ரியா பாரிஸ் போகிறாள். யார் மேலும் தவறில்லை. படத்தில் எமிலிக்குப் பதில் நீ வா என்கிறார் மிராண்டா, அதை எமிலியிடம் ஆண்டியே சொல்ல வேண்டும் என்கிறார். எமிலி அந்தப் பயணத்துக்காகப் பட்டினி கிடந்தவள். பிறகு பாரிஸில், தன் பத்திரிகையில் வேலை செய்யும் நைஜலுக்கு வர வேண்டிய பதவியைத் தன் நாற்காலியைக் காப்பாற்ற மிராண்டா வேறொருவருக்குத் தூக்கிக் கொடுக்கிறார். ‘நான் அப்படிச் செய்ய மாட்டேன்’ என்கிறாள் ஆண்டி. ‘எமிலிக்கு ஏற்கெனவே செய்துவிட்டாயே’ என்று பதில் வருகிறது. காரிலிருந்து அவள் இறங்குவது அதனால்தான். நாவலின் ஆண்ட்ரியா கடைசிவரை பாதிக்கப்பட்டவள். படத்தின் ஆண்டிக்குத் தன் பங்கு தெரிகிறது. எனக்கு இது தணிப்பாகத் தெரியவில்லை, நாவலைவிடக் கடுமையாகத் தெரிகிறது.

வாசகி:
நல்ல இடத்தைப் பிடித்தீர்கள், ஆனால் நான் எதிர்ப்பதும் அதையேதான். வர மறுத்தால் உன் எதிர்காலத்தில் உனக்கு அக்கறையில்லை என்று எடுத்துக்கொள்வேன் என்கிறாரே மிராண்டா, அதை விட்டுவிட்டீர்கள். மிரட்டி ஒப்புதல் வாங்கிவிட்டு ‘நீயாகத்தான் தேர்ந்தெடுத்தாய்’ என்பது மேலதிகாரிகள் பேசும் பேச்சு. அதைப் படமும் நம்புகிறது. அதனால்தான் குற்ற உணர்வு இருபத்துச் சொச்சம் வயதுப் பெண்ணுக்கும், பெருந்தன்மை மிராண்டாவுக்கும் போய்ச் சேர்கிறது. ஹோட்டல் அறையில் ஒப்பனையில்லாமல் விவாகரத்தைப் பற்றிப் பேசும் காட்சியில் ஸ்ட்ரீப் அபாரம், மறுக்கவில்லை. அதே போல எமிலி தனியாக உடைந்துபோகும் ஒரு காட்சி எங்கே? அவள் பட்டினி கிடப்பது படத்தில் சிரிக்க வைக்கும் வசனம்.

திருப்பூர்க்காரன்:
இதில் நான் வாசகி பக்கம். மிராண்டா ஆணாக இருந்தால் அவருடைய வேலைத்திறனை மட்டும்தான் பேசுவார்கள் என்று ஆண்டி ஓரிடத்தில் வாதாடுவாள். அது நியாயமான வாதம்தான். ஆனால் ராத்திரி பதினொரு மணிக்குப் போன் போட்டு, காலைக்குள் சாம்பிள் வேண்டும் என்று கேட்பவர் ஆணா பெண்ணா என்பதால் இங்கே தையல் மெஷினில் உட்கார்ந்திருப்பவருக்கு என்ன மாறுகிறது?